பத்தொன்பது படிக்கு மேலே ஒரு லாரி

குமாரபாளையத்தில் மருதாசலத்தின் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் படியைப் பார்த்துத்தான் மலைப்பார்கள். கீழே விசைத்தறிப் பட்டறை, மேலே வீடு. பட்டறைச் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே, ஒரு ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு போகிற அகலத்தில், செங்குத்தாகப் பத்தொன்பது படிகள். நடுவில் நின்று மூச்சு வாங்க இடம் கிடையாது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. மழை பெய்தால் வழுக்கும். பெய்யாவிட்டால் தறியிலிருந்து பறந்து வந்து படிகிற பஞ்சு வழுக்கும்.

இந்தப் பழியை வேறு யார் தலையிலும் போட முடியாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வீடு கட்டும்போது கொத்தனார் படித்துப் படித்துச் சொன்னார், படியை முன்பக்கம் வைத்து, பாதியில் ஒரு திருப்பம் கொடுத்து, சாய்வாக இறக்கிவிடலாம் என்று. அப்படி வைத்தால் பட்டறையில் இரண்டு தறி போடுகிற இடம் போய்விடும், வாடகை குறையும். மருதாசலம் அப்போது போர்வெல் போடுகிற ரிக் லாரியின் டிரைவர். வருஷத்தில் பதினோரு மாதம் கர்நாடகா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பூமியில் ஓட்டை போட்டுக்கொண்டே திரிகிற வண்டி அது. மழைக்காலத்தில் ஒரு மாதம் வீட்டில் படுத்திருந்தால் பெரிய விஷயம். "ஊட்டுல இருக்கறதே முப்பது நாளு, அதுக்கு எதுக்குங்க சாய்வுப் படி?" என்று கேட்டான். கொத்தனாருக்கு என்ன வந்தது, செங்குத்தாக ஏற்றிவிட்டுப் போய்விட்டார்.

அந்த முப்பது நாள் ஆசாமிதான் இப்போது பதினான்கு மாதமாகப் படிக்கு மேலேயே இருக்கிறான்.

ராஜஸ்தானில் ஒரு காட்டோரம், துளையிடும் இரும்புக் குழாய்கள் ஏற்றிய லாரியின் மேல் நின்று தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து, பின்பக்கமாக விழுந்தான். இடுப்பிலும் முதுகிலும் ஆபரேஷன். உயிர் பிழைத்ததே புண்ணியம் என்றார்கள். வலது பாதம் மட்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் இருபது வருஷம் மிதித்த பாதம். இடது பாதம் போயிருந்தாலாவது ஏதோ சமாளித்திருக்கலாம் என்று அவன் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான். கால் சரியாகிவிடும் என்று டாக்டர் சத்தியம் எதுவும் செய்யவில்லை. நடக்க நடக்கத்தான் கால் பிழைக்கும், வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு வரணும், படுத்தே கிடந்தால் சூம்பிவிடும் என்று மட்டும் சொன்னார்.

நடப்பதற்கு முதலில் இறங்க வேண்டுமே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குத் தறி ஓட்டுகிற நாலு பேர் அவனை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கல்யாண மாப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கி ஏற்றினார்கள். பன்னிரண்டாவது படியில் நாற்காலி சாய்ந்தது. பின்னால் பிடித்திருந்தவன் கத்தினான். தெருவே வேடிக்கை பார்த்தது. இவனுடைய லுங்கி அவிழ்ந்ததையும் சேர்த்துத்தான் பார்த்தது. அப்புறம் இரண்டு தடவை அதே நாற்காலியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். மூன்றாவது தடவை மாட்டேன் என்றுவிட்டான். மகள் கயல்விழி நாமக்கல்லில் நர்சிங் படிக்கிறாள், விடுதியில் தங்கி. அவள் மாதம் ஒரு முறை வந்து காலை நீவிவிட்டு, செய்ய வேண்டிய பயிற்சியைக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போவாள். காகிதம் சுவரில் இருக்கிறது.

கீழே காலை ஆறு மணிக்குப் பதினாறு தறி கிளம்பும். கட்டில் அதிரும், டம்ளர் தண்ணீர் அதிரும், பேசினால் குரல் அதிரும். மனைவி சௌந்திரம் அதே பட்டறையில் தார் சுற்றப் போகிறாள், தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கிற வேலை. பத்தரைக்கு டீயும் ஒரு மணிக்குச் சோறும் கொண்டு வருவாள். மற்ற நேரமெல்லாம் அவனுக்கு ஒரு ஜன்னல். ஜன்னலில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும், அதன் மேல் ஒரு காக்காய் வந்தால் காக்காய் தெரியும். ரோடு தெரியாது. ஹாரன் மட்டும் கேட்கும். எது டவுன் பஸ், எது நூல் மூட்டை ஏற்றிய மினி லாரி, எது பவானிப் பாலத்துக்குப் போகிற பத்துச் சக்கரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். சொல்லி என்ன செய்ய, கேட்பதற்கு ஆள் வேண்டாமா.

அவனிடம் எட்டு வருஷம் கிளீனராக இருந்த கந்தவேல்தான் இப்போது அந்த ரிக் லாரியை ஓட்டுகிறான். மழைக்கு வண்டி திருச்செங்கோடு வந்து நின்றதும் பார்க்க வந்தான். கூடவே முதலாளி கொடுத்தனுப்பிய கவர் ஒன்றும் வந்தது. முப்பத்தைந்தாயிரம். முதலாளி கெட்டவர் இல்லை, ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தவர்தான். ஆனால் அந்தக் கவரோடு கணக்கு தீர்ந்தது என்பது கொடுத்தவனுக்கும் தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும். கந்தவேல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பேச்சு வராத நேரத்தில் மனுஷன் செல்போனைத்தானே நோண்டுவான், அவனும் நோண்டினான். அதில் ஒரு பையன் வீட்டுக்குள் உட்கார்ந்து மேஜையில் மாட்டிய ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் திரையில் ஒரு பதினான்கு சக்கர லாரி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது.

மருதாசலம் செல்போனை வாங்கி ஏழு தடவை பார்த்தான். வண்டி வளைவில் திரும்பும்போது அவனுடைய கையும் தானாகத் திரும்பியது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டான், அதில் கால் இல்லாமல் ஓட்ட முடியுமா என்று. கந்தவேலுக்குத் தெரியவில்லை. வீடியோவுக்குக் கீழே ஒரு நம்பர் இருந்தது. சேலத்தில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடையில் வேலை பார்க்கும் மார்ட்டின் என்பவனுடையது. ஸ்டீரிங்குக்குப் பின்னால் இரண்டு தகடு இருக்கும், ஒன்றை ஆக்சிலேட்டராகவும் ஒன்றை பிரேக்காகவும் மாற்றித் தருகிறேன், விரலாலேயே ஓட்டலாம் என்று மார்ட்டின் சொன்னான். அந்த நிமிஷமே கவர் செலவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முப்பத்தைந்தாயிரத்துக்குள் கேம் ஓடுகிற கம்ப்யூட்டர், ஸ்டீரிங்கோடு சேர்த்து என்றால், கடையில் ரெடியாக வாங்க முடியாது. சாமான் சாமானாகப் பொறுக்கி வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் மருதாசலத்துக்கு இன்னும் பிடித்துப்போனது. மூன்று வாரம் அவன் வேறு எதையும் யோசிக்கவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டியல் போடுவான், அடிப்பான், மறுபடி போடுவான். பிராசசர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் என்று அவன் வாயில் நுழையாத பெயர்களெல்லாம் ஒரு வாரத்தில் கிளட்ச், கியர்பாக்ஸ் மாதிரி நுழைந்துவிட்டன. மானிட்டர் வாங்கக் காசு இல்லை, வீட்டு டிவியையே மாட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. சௌந்திரத்தின் ராத்திரி சீரியல் அத்தோடு போயிற்று. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாகப் புருஷன் காலையில் முகச்சவரம் செய்துகொண்டதைப் பார்த்தவள் அவள்.

மார்ட்டினை மருதாசலம் கடைசி வரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த மூன்று வாரம் தினமும் இரண்டு தடவையாவது அவன் உயிரை எடுத்தான். பிராசசர் புதிதா பழையதா என்பதில் ஒரு நாள் போயிற்று. பழையது போதும், அதில் மிச்சமாவதைக் கார்டில் போடலாம் என்று தீர்ந்தது. எட்டு ஜிபி ராமா பதினாறா என்பதில் இரண்டு நாள். கேமுக்கு உயிர் கிராபிக்ஸ் கார்டுதான், படத்தை வரைந்து காட்டுவது அதுதான். புதிது வாங்கினால் பாதிப் பணம் அதற்கே போய்விடும். பழைய கார்டுகளைப் பற்றி மார்ட்டின் ஒளிக்காமல் சொன்னான், யாரோ ஒருவர் கிரிப்டோ காசு எடுப்பதற்காக ராத்திரி பகலாக நிறுத்தாமல் ஓட்டிச் சம்பாதித்துவிட்டுத் தள்ளியதாகவும் இருக்கலாம் என்று.

லாரி புரோக்கர்களிடம் இருபது வருஷம் பழகியவனிடம் பழைய சாமானை விற்பது லேசான காரியம் இல்லை. கார்டை ஓடவிட்டு போனைப் பக்கத்தில் வைக்கச் சொன்னான் மருதாசலம். கீழே தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால், மத்தியானம் ஒரு மணிக்குத் தறி நிற்கிற வரைக்கும் காத்திருந்து காதில் போனை அழுத்திக்கொண்டான். முதல் கார்டில் காற்றாடி பேரிங் தேய்ந்திருக்கிறது என்றான். இரண்டாவதும் வேண்டாம் என்றான். மூன்றாவதைக் கேட்டுவிட்டு, இது நல்ல ஆளு ஓட்டுன வண்டி, இதை எடுத்து வை என்றான். மார்ட்டின் முதல் கார்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அசந்துபோய், கடைக்கு வேலைக்கு வந்துவிடுங்கள் அண்ணா என்று கூப்பிட்டான். விளையாட்டுக்குச் சொன்னதுதான். மருதாசலம் அன்றைக்குச் சாப்பிடும்போது சௌந்திரத்திடம் அதை இரண்டு தடவை சொன்னான்.

இவ்வளவு கெட்டிக்காரன் கோட்டை விட்ட இடம் எஸ்எம்பிஎஸ். வீட்டு மின்சாரத்தை வாங்கி உள்ளே இருக்கிற சாமான்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி அது. மார்ட்டின் ஐந்நூற்றைம்பது வாட் பெட்டி ஒன்றைச் சொன்னான், விலை நாலாயிரத்துக்கு மேல். கூடவே தறிப்பட்டறை லைனில் கரண்ட் ஏறி இறங்கும் என்பதால், அதைத் தாங்கிப் பிடிக்க பேட்டரி வைத்த யூபிஎஸ் ஒன்றும் வைத்துக்கொள்வது நல்லது என்றான். அதே கடையில் பெயர் தெரியாத பெட்டி ஒன்று எண்ணூறு ரூபாய்க்கு இருந்தது. அதன் மேல் ஒட்டிய தகட்டில் நானூற்றைம்பது வாட் என்று எழுதியிருந்தது. மொத்தச் சாமானும் இழுப்பது முந்நூறு வாட்தான் என்று மருதாசலம் தாளில் கூட்டி வைத்திருந்தான். பிறகென்ன பேச்சு.

வேண்டாம் அண்ணா, அந்தத் தகட்டை நம்பாதீர்கள் என்று மார்ட்டின் மூன்று தடவை சொன்னான். மருதாசலம் சிரித்தான். அவன் பார்த்த தகடுகள் வேறு. பத்து டன் என்று எழுதின லாரியில் பதினைந்து டன் ஏற்றிக்கொண்டு ஓடின ஆள் அவன். இரும்புக் குழாயை அச்சு முனகுகிற அளவுக்கு ஏற்றி, அதன் மேல் ஆளையும் ஏற்றி, அடுப்பையும் ஏற்றிக் கொண்டு போயிருக்கிறான். எழுதியதைவிட வண்டி எப்போதும் கூடத்தான் தாங்கும், எழுதுவது போலீஸ்காரனுக்கு. இந்த வேதம் அவன் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. நானூற்றைம்பது என்றால் அறுநூறு தாங்கும் என்று மார்ட்டினுக்கே பாடம் எடுத்தான். மிச்சமான பணத்தில் ராமைப் பதினாறாக்கிக்கொண்டான்.

சாமான்களைக் கந்தவேல் சேலத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். மருதாசலம் கட்டிலில் வெள்ளை வேட்டியை விரித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்தான். வீடியோ காலில் மார்ட்டின் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் பூட்டினான். ரிக் கம்பிரசரைப் பிரித்து மாட்டின கைக்கு இந்தத் துக்கடா ஸ்குரூக்கள் கொஞ்சம் கூச்சம்தான், ஆனாலும் ஒன்றைக்கூடக் கீழே விடவில்லை. சௌந்திரம் டீ இடைவேளையில் வந்து சாமானெல்லாம் அடங்கிய கேபினட் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து முன்னால் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தாள். புது வண்டிக்குச் செய்வதுதானே. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது. மருதாசலம் கை தட்டினான். கேமை ஏற்றி லாரியைக் கிளப்பி, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினான். அதே நேரம் கீழே டீ முடிந்து பதினாறு தறியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின.

டப் என்று ஒரு சத்தம். கேபினட்டின் பின்பக்கத்திலிருந்து வெள்ளையாகப் புகை. கருகின நாற்றம் வீடு பூராவும் அடித்தது. டிவி கறுப்பாக நின்றது.

மார்ட்டின் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாயிருக்கும். மலிவுப் பெட்டிகளில் தகட்டில் எழுதினதில் பாதிகூடத் தாங்காது அண்ணா, லாரிக்கு நேர் எதிர் என்று மட்டும் சொன்னான். கந்தவேல் மற்ற சாமான்களைச் சேலத்துக்கு எடுத்துப் போய்க் காட்டி வந்தான். செத்தது எஸ்எம்பிஎஸ் மட்டும்தான், கார்டு பிழைத்தது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் யூபிஎஸ்ஸும் வாங்கினால் ஓடும். ஆனால் கவர் காலி. கந்தவேலும் திங்கட்கிழமை வண்டியோடு மத்தியப் பிரதேசம் கிளம்புகிறான், அவன் போய்விட்டால் சேலம் போய் வர ஆள் இல்லை.

வீட்டில் பணம் இல்லாமல் இல்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தூக்கில் எட்டாயிரம் இருந்தது. படிக்குக் கைப்பிடி வைக்க என்று சௌந்திரம் சீட்டுப் போட்டு எடுத்தது. வெல்டிங் பட்டறைக்காரர் வந்து படியை அளந்துவிட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. இரண்டு பக்கச் சுவரிலும் மேலிருந்து கீழ் வரை இரும்புக் கைப்பிடி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரும் தூக்காமல், அவனாக இறங்கலாம். இறங்கினால் ஆட்டோ பிடித்துப் பயிற்சிக்குப் போகலாம். முன்பணம் கையில் கொடுத்தால் கம்பி வெட்டுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அன்றைக்கு மெதுவாகப் பேசினாலே கேட்கும். மருதாசலம் அந்தப் பணத்தைக் கேட்டான். கைப்பிடியை அடுத்த சீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றான். சௌந்திரம் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அடுத்த சீட்டு வரக்கி உங்க காலு காத்திருக்குமாங்க?" என்றாள்.

"காலு எங்க போயிரப் போவுது."

"ஏனுங்க, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொட்டி ஓட ஆரம்பிச்சிருச்சுன்னா நீங்க கீழ வரவே மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

"கீழ வந்து என்ன பண்றது, சௌந்திரம்? ஊன்றுகோல வெச்சுக்கிட்டு டீக்கடையில உக்கோந்து, போற வண்டியெல்லாம் எண்ணறதா? மேலயே ஒரு வண்டி இருந்தா அது என்ற சொந்த வண்டிங்கறேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் எழுந்து போய்த் தூக்கை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தாள். மூடியைக் கூடத் திறக்கவில்லை. கீரையை அப்படியே போட்டுவிட்டுக் கீழே போய்விட்டாள். தறி ஓடாத பட்டறையில் ஒரு மணி நேரம் என்ன செய்தாளோ. மேலே வந்தபோது கந்தவேல் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தான்.

கந்தவேல் ஊருக்குக் கிளம்பும் முன்னால் சாமானை வாங்கி வந்து கொடுத்துவிட்டுத்தான் போனான். செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் ஓடியது. டப்பும் இல்லை, புகையும் இல்லை. அந்த ஒரு வாரம் மருதாசலம் சந்தோஷமாக இருந்தான், அதில் பொய் இல்லை. வெளிநாட்டு ரோடு, வண்டி வலது பக்கமாகப் போகிற ஊர், போர்டு ஒன்றையும் படிக்க முடியாது. அதனாலென்ன, வளைவு வளைவுதான், மேடு மேடுதான். இருபத்திரண்டு டன் மரம் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினான். விரல் நுனியில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டான். பின்னால் வருகிறவனுக்கு வழி விட இண்டிகேட்டர் போட்டான், வழி விடாதவனை நல்ல கொங்குத் தமிழில் வைதான். சௌந்திரம் டீ கொண்டு வந்தால் அங்கே வை என்று கையைக் காட்டுவான். டீ ஆடை கட்டி ஆறிக் கிடக்கும். படியைப் பற்றிய பேச்சே எழவில்லை. வெல்டிங்காரருக்கு வேண்டாம் என்று சௌந்திரமே போன் செய்துவிட்டாள்.

எட்டாம் நாள் காலை, பத்தரை டீ வந்து போன பிறகு, ஒரு நீளமான சுமை. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டான். ரோட்டோரம் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. பக்கத்தில் ஒரு கடை, இரண்டு மரம், மரத்தடியில் பெஞ்சு. மருதாசலம் பழக்கதோஷத்தில் வண்டியை ஓரம் கட்டினான். ஹேண்ட் பிரேக் போட்டான். இன்ஜினை அணைத்தான். இருபது வருஷமாக இந்த இடத்தில் அவன் செய்வது ஒன்றுதான். இறங்கி, இடுப்பை நெட்டி முறித்து, வண்டியைச் சுற்றி நடந்து ஒவ்வொரு டயராகக் கையால் தட்டிப் பார்ப்பான். அப்புறம் மூத்திரம், அப்புறம் டீ. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நாள்கூட இது மாறினதில்லை.

இறங்குகிற பட்டனைத் தேடினான். ஒன்று வைப்பரைப் போட்டது, ஒன்று விளக்கைப் போட்டது. ஒன்றை அழுத்தியதும் வண்டி வெளியிலிருந்து தெரிந்தது. நல்ல சிவப்பு வண்டி, பதினான்கு டயரும் வெயிலில் நின்றன. ஆனால் அதைப் பார்க்க இறங்கிய ஆளைக் காணவில்லை. கீபோர்டில் இருக்கிற எல்லாப் பட்டனையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டான். கடைசியில் மார்ட்டினுக்குப் போன் போட்டான்.

"வண்டியில இருந்து எறங்கறதுக்கு எதைங்க அமுக்கணும்?"

"எறங்கறதா? இந்த கேம்ல எறங்க முடியாதுங்கண்ணா. ஓட்டறது மட்டும்தான்."

"டயரைப் பாக்கறதுக்குக் கூடவா?"

"ஆமாங்கண்ணா. எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் சீட்லயேதான் இருக்கணும்."

சரி என்று போனை வைத்தான் மருதாசலம். சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். திரையில் பங்க்கும் கடையும் பெஞ்சும் அப்படியே இருந்தன. மரத்தின் இலை ஆடியது. இங்கே ஜன்னலில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை, முதலாளியின் கவரை வாங்கும்போது வராத அழுகை, அப்போது வந்தது. எட்டாயிரம் ரூபாய் கைப்பிடியைக் கொடுத்து, இறங்க முடியாத இன்னொரு இடத்தை வாங்கி வைத்திருக்கிறோம் என்று தோன்றியது. அதுவும் பார்த்துப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, பொறுக்கி வாங்கியது.

வீட்டுக்குள் நடமாட ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த வாக்கரைப் பிடித்துக்கொண்டு படி வரைக்கும் போனான். சௌந்திரம் என்று கூப்பிட்டான். பதினாறு தறி ஓடுகிற இடத்தில் அது யார் காதில் விழும். இரண்டு தடவை கூப்பிட்டான். பிறகு வாக்கரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி மெல்லத் தாழ்ந்து, முதல் படியில் உட்கார்ந்தான். நாற்பத்திரண்டு வயதில் தவழ்கிற குழந்தை மாதிரி உட்கார்ந்து இறங்குவதா என்று பதினான்கு மாதம் வீம்பு பிடித்தவன். வலது காலை இரண்டு கையாலும் தூக்கி அடுத்த படியில் வைத்தான். உடம்பை நகர்த்தினான். ஒரு படி.

ஏழு படி வரைக்கும் ஒழுங்காகப் போயிற்று. எட்டாவது படி மற்றதைவிட ஆழமாக இருந்தது, அவன் அவசரப்படுத்தினதில் கொத்தனார் அளவு தவறிக் கட்டியது. கால் கீழே எட்டவில்லை. மேலே திரும்பவும் முடியவில்லை. வலது பாதம் மடங்கி அவன் தொடைக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் சுவர், பிடிக்க ஒன்றும் இல்லை, உள்ளங்கையில் பஞ்சும் வியர்வையும் சேர்ந்து வழுக்கியது. கீழே தெரிந்த ஒரு சாண் வெளிச்சத்தில் ரோட்டில் யாரோ சைக்கிளில் போனார்கள். கத்தினான். தறி கத்தியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று அவனுக்குத் தெரியாது, கொஞ்ச நேரமாகத்தான் இருக்கும். ஆனால் ராஜஸ்தானில் விழுந்து கிடந்தபோதுகூட அவன் அவ்வளவு பயப்படவில்லை.

கரண்ட் போயிற்று. பதினாறு தறியும் ஒரே மூச்சில் நின்றன. காது அடைத்த மாதிரி ஒரு அமைதி. மேலே யூபிஎஸ் மட்டும் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

"சௌந்திரம்," என்றான். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "நான் கீழ வாரேன்."

அவள் நூல் குச்சியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்து படியடியில் நின்றாள். கத்தவில்லை, ஆளைக் கூப்பிடவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டால் நாற்காலி வரும் என்று அவளுக்குத் தெரியும். குச்சியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏறி வந்து, மாட்டியிருந்த பாதத்தை மெல்ல எடுத்து நேராக்கினாள். பிறகு அவனுக்கு இரண்டு படி கீழே, அவனைப் பார்த்தபடி அவளும் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ற தோள்ல ஒரு கைய வைங்க," என்றாள்.

அவள் ஒரு படி பின்னால் நகர்ந்தாள், அவன் ஒரு படி முன்னால் நகர்ந்தான். ஒவ்வொரு படிக்கும் அவள் அவன் பாதத்தைத் தன் மடியில் வாங்கிக் கீழே வைத்தாள். தறிக்காரர்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நல்லவர்கள், உள்ளே போய்விட்டார்கள். பத்தொன்பதாவது படி வந்தபோது மருதாசலத்தின் லுங்கி பூராவும் பஞ்சு.

ரோட்டோரம் நூல் மூட்டை இறக்க வந்த மினி லாரி நின்றுகொண்டிருந்தது. சௌந்திரத்தின் தோளைப் பிடித்து எழுந்து, லாரி வரைக்கும் நாலு எட்டு வைத்தான். குனிந்து முன் டயரைக் கையால் தட்டினான். பின் டயரையும் தட்டினான். டிரைவர் சீட்டில் இருந்தவன் என்னங்க என்று எட்டிப் பார்த்தான்.

"பின்னாடி காத்து கம்மியா இருக்குதுங்க," என்றான் மருதாசலம். "ஏத்திக்கிட்டுப் போங்க."

சௌந்திரம் அப்போதுதான் அழுதாள். மேலே யூபிஎஸ் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. திரும்ப எப்படி ஏறுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது, அதை இரண்டு பேரும் அப்போது பேசவும் இல்லை.